ஆறு இருபது வரிசை

மேற்குத் தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டி, இப்போது ஸ்கூட்டர்களும் பைக்குகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றனவே, அந்தப் பக்கத்தில் எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. மூன்று பக்கம் கம்பி வேலி, நாலாவது பக்கம் குறுக்கே ஒரு இரும்புச் சங்கிலி. உள்ளே அறுநூறு சைக்கிள். அறுநூறும் கறுப்பு. அந்தக் காலத்தில் சைக்கிள் என்றால் கறுப்புதான். யாராவது பச்சையில் வாங்கிவிட்டால் நாலு பேர் கூடி நின்று விசாரிப்பார்கள்.

முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கத்து ஆட்கள் காலையில் மிதித்து வந்து வண்டியை அங்கே விட்டுவிட்டு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு பட்டணம் போவோம். சாயங்காலம் வந்து மறுபடி மிதிப்போம். ரயில் ஒரு நாள் ஓடாவிட்டால் ஆபீஸ்தான் நடக்காது. சைக்கிள் ஒரு நாள் ஓடாவிட்டால் வீட்டில் எதுவுமே நடக்காது. மாவு மில்லுக்கு அதுதான், மண்ணெண்ணெய்க்கு அதுதான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் ஓட அதுதான். எங்கள் கல்யாணம் முடிந்து சரோஜினியை வீட்டுக்கு அழைத்து வந்ததும் சைக்கிள் கேரியரில்தான். நாற்பத்தைந்து வருஷமாகிறது, இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஸ்டாண்டை நடத்தியவர்கள் குப்பனும் அவன் பெண்சாதி கன்னியம்மாவும். இடம் தேவானந்தம் வாத்தியாருடையது. ரிட்டையரான ஹெட்மாஸ்டர், எங்கள் சர்ச்சில் முன் பெஞ்சுக்காரர். குப்பன் முன்னே பம்மல் பக்கம் கல் உடைத்தவன். வலது காலில் பாறை விழுந்து பாதம் வளைந்துவிட்டதால் அந்த வேலை போய் இது வந்தது.

அங்கே ஒரு முறை இருந்தது. சைக்கிள்களை நம்பர் வாரியாக வைக்கமாட்டார்கள், திரும்பி வரும் ரயில் வாரியாக வைப்பார்கள். ஐந்து பத்து ரயிலில் இறங்குகிறவன் வண்டி ஐந்து பத்து வரிசையில். என்னைப் போல ஆறு இருபதுக்கு வருகிறவன் வண்டி ஆறு இருபது வரிசையில். மாத வாடிக்கைக்காரர்களுக்கு டோக்கன் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு இடம். சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு போய்க் கைவைத்தாலும் நம் வண்டியின் சீட்டுதான் கையில் படும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. குப்பனுக்கு ஆட்களைத் தெரியும், வண்டி தெரியாது. ஒருதரம் பார்த்த முகத்தை மறக்கமாட்டான். யார், என்ன வேலை, எந்தத் தெரு, மாமியார் ஊர் எது, எல்லாம் கேட்டு வைத்திருப்பான். கன்னியம்மாவுக்கு வண்டி தெரியும், ஆட்களைத் தெரியாது. கல்யாணமான பத்தாம் நாள் ஸ்டாண்டுக்கு வந்தவள். அறுநூறு ஆம்பிளைகள் வந்து போகிற இடத்தில் தலையை நிமிர்த்த வெட்கப்பட்டு, குனிந்தபடியே சக்கரங்களைத்தான் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் வெட்கம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நான் எதிரே நின்றால் யாரோ என்று பார்ப்பாள். என் சைக்கிளைப் பார்த்ததும்தான், "வா சார், இன்னிக்கு இன்னா லேட்டு" என்பாள்.

இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் ஒரு தப்பும் நடக்காது. அந்த ஆடி மாதத் திங்கட்கிழமை குப்பன் தனியாக நின்றான். கன்னியம்மா தங்கச்சி பிரசவத்துக்குப் பொத்தேரி போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் நான் ஆறு இருபதில் இறங்கி வந்தபோது ஸ்டாண்டில் கூட்டம் வளையமாக நின்றது. நடுவில் யக்ஞநாராயணன். ஏதோ ஒரு கவர்ன்மென்ட் ஆபீசில் சூப்பிரண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போடுகிறவர். சக்கரத்து அச்சைச் சுற்றி மஞ்சள் நூல் பூ கட்டியிருப்பார். அவருடைய சைக்கிளைக் காணவில்லை.

"காலையில உங்கிட்டதானே குடுத்தேன். இப்ப இல்லைன்னா என்ன அர்த்தம்?"

குப்பன் கையைப் பிசைந்தான். "சார், இந்த வரிசைல ஆளு வராத வண்டி ஒண்ணே ஒண்ணு மிச்சம் கீது சார். உன்னுது மாறியே கீது. கொஞ்சம் பாரு சார்."

அவர் பார்த்தார். சீட்டு கிழிந்து, செயினில் துரு ஏறி, அதுவும் கறுப்பாகத்தான் இருந்தது.

"மாதிரி இருந்தா என்னுது ஆயிடுமா? நல்லதை எவனுக்கோ தள்ளி விட்டுட்டு ஓட்டையை என் தலையில கட்டப் பாக்கறியா? திருட்டுப் பயலே."

அந்த வார்த்தையை மெதுவாகச் சொல்லவில்லை. முந்நூறு பேர் கேட்டோம். குப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனுக்குத் தெரியாத முகம் அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஒருத்தராவது "குப்பன் அப்படிப்பட்டவன் இல்லை சார்" என்று சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு விருந்தாள் வருகிறார்கள், கறி வாங்க வேண்டும் என்று என் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தேவானந்தம் வாத்தியாரை யாரோ கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனது மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. "நாளைக்கு ஆறு இருபது வண்டிக்காரங்க கலையறதுக்குள்ள சைக்கிள் வந்தாகணும் குப்பா. வரலைன்னா நீ கெளம்ப வேண்டியதுதான். திருட்டுன்னு பேர் வந்த எடத்துல எவன் வண்டி விடுவான்?" அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. ஆனால் அந்த வளைந்த காலை வைத்துக்கொண்டு குப்பன் வேறு எங்கே போய் என்ன வேலை செய்ய முடியும்?

செவ்வாய்க்கிழமை காலையில் நான் போனபோது குப்பன் வேலி ஓரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வருகிறவர்களே வண்டியை நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாத்தியார் ஒரு மடக்கு நாற்காலியில் இருந்தார். முதல் ரயிலுக்குப் பொத்தேரியிலிருந்து வந்து இறங்கிய கன்னியம்மா, கையில் பையோடு, மிச்சமிருந்த அந்தச் சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"இது அஞ்சு பத்து வரிசை வண்டியாச்சே. லைட்டுக் கம்பத்தாண்ட நிக்கும்."

"யாரோடது?" என்றார் வாத்தியார்.

"அது எனக்கு இன்னா தெரியும் அய்யா. முன் பிரேக்கு புடிக்காது. கேரியர்ல சணல் கயிறு சுத்தியிருக்கும். ஹேண்டில்பார் கொஞ்சம் கோணல்." புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "யோவ், இங்க பாரு. கம்பத்தாண்டேர்ந்து யாரு வந்து எடுப்பாங்கோ?"

குப்பன் தலை நிமிராமலே கண்ணை மூடினான். "வெத்தில போடுவாரு. மேல் பல்லு கொஞ்சம் எடுப்பு. ஜெயகிருஷ்ணன் சாரு. கிண்டில கம்பெனி வேல. முடிச்சூரு, புள்ளாரு கோயிலுக்குப் பின்னாடி வூடு."

"சூப்பிரண்டு வண்டிய நேத்து எங்க வெச்ச?" என்றாள் கன்னியம்மா.

"சேத்துல வெக்காதே, மேடாப் பாத்து வையின்னு சொன்னாரு. முந்தின நாள் மழைல எல்லா எடமும் தண்ணி. கம்பத்தாண்டதான் காஞ்சுகினு இருந்திச்சு. அங்க வெச்சுட்டு, அங்க இருந்தத்த இந்தாண்ட தள்ளிட்டேன்."

விஷயம் அவ்வளவுதான். ஐந்து பத்து ரயிலில் இறங்கிய ஜெயகிருஷ்ணன் தூறலில் தலையில் பையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். கம்பத்தடியில் கைவைத்தார், வண்டி இருந்தது. அந்தக் காலத்து வளையப் பூட்டுகளில் பாதி, ஒன்றின் சாவிக்கு இன்னொன்று திறக்கும். நனைந்த சைக்கிள் எல்லாம் ஒரே பளபளப்பு. எடுத்துக்கொண்டு போய்விட்டார். கன்னியம்மா இருந்திருந்தால் சக்கரத்தைப் பார்த்தே பிடித்திருப்பாள். குப்பன் முகத்தைப் பார்த்து, "போய்ட்டு வாங்க சார்" என்றிருக்கிறான்.

"சூப்பிரண்டு வண்டி இன்னிக்கு இன்னும் உள்ள வர்லே. நான் முடிச்சூரு போறேன்" என்று கன்னியம்மா பையைக் கீழே வைத்தாள்.

"எப்படிப் போவே? பஸ் பத்து மணிக்குத்தான்" என்றேன் நான்.

"இத்த மிதிச்சுகினுதான்."

குப்பன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். "உனுக்கு ஓட்டத் தெரியுமா?"

"மத்தியானம் நீ துண்ட விரிச்சுப் படுத்துக்குவ இல்ல? வேலிக்குள்ளயே ரவுண்டு அடிப்பேன். பன்னெண்டு வருசமா." என் பக்கம் திரும்பினாள். "உன்னுதும் ஓட்டிக்கீறேன் சார். உன் சீட்டு எடது பக்கம் சாஞ்சு கீது. குந்துனா இடுப்பு புடிச்சுக்கும்."

எனக்கு ஒன்றரை வருஷமாக இடுப்புவலி. இரண்டு டாக்டரைப் பார்த்து, தைலம் தேய்த்து, பாய் மாற்றி, ஜெபக்கூட்டத்தில்கூடச் சொல்லி ஜெபித்திருந்தேன்.

வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்து என் பக்கம் திரும்பினார். "சுந்தர்சிங், நீயும் கூடப் போ. பொம்பளை தனியா போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? சாயங்காலம் சாட்சிக்கும் ஒரு ஆள் வேணும்." அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். ஆபீசுக்கு லீவு சொல்லச் சொல்லி இன்னொருவரிடம் சீட்டு கொடுத்துவிட்டு அவள் பின்னால் கிளம்பினேன்.

புடவையைக் கால்களுக்கு நடுவே இழுத்துச் செருகிக்கொண்டு, பெடலில் ஒரு கால் வைத்து, ஆம்பிளை போலப் பார் மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். முடிச்சூர் ரோட்டில் டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் எப்போது முகங்களைப் பார்த்தாள்? பிள்ளையார் கோவில் வரை நான் பின்தங்கியேதான் போனேன்.

வீட்டில் ஜெயகிருஷ்ணனின் அம்மா முறத்தோடு வந்தாள். "அவன் விடியக்காலையிலேயே குன்றத்தூர் போயிட்டானே. இன்னைக்கு ஆடிக் கிருத்திகை இல்ல? மொட்டை போடறதா வேண்டுதல். சைக்கிள்லதான் போனான்."

நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். சோமங்கலம் வழியாகக் குன்றத்தூர் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. அதைவிடப் பெரிய கஷ்டம், கிருத்திகை அன்றைக்குக் குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஆயிரம் சைக்கிளாவது நிற்கும்.

"கன்னியம்மா, அவர் திரும்பி வர ராத்திரி ஆகும். ஆயிரத்துல எதுன்னு தேடுவே? அவர் முகமும் உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

"மொட்ட போட்டா தெரிஞ்ச மூஞ்சியே தெரியாது சார். வண்டிக்கு யாரு மொட்ட போடப் போறா? வா."

முடிச்சூர் தாண்டினால் அப்போது இரண்டு பக்கமும் வயல். முதல் நாள் மழையில் ரோடு ஓரம் சொதசொதவென்று கிடந்தது. மஞ்சள் துணி கட்டிய ஆட்கள் காவடியோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாகச் சைக்கிளிலும் போனார்கள். முன் பாரில் ஒரு பிள்ளை, கேரியரில் பெண்சாதி, அவள் மடியில் இன்னொரு பிள்ளை, ஹேண்டில்பாரில் தேங்காய்ப் பை. எல்லாரையும் கன்னியம்மா தாண்டினாள். முன் பிரேக் இல்லாத வண்டி. பள்ளம் வந்தால் செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினாள்.

குன்றத்தூரில் மதிய வெயில் சுள்ளென்று அடித்தது. மேளம், விபூதி வாசனை, அன்னதான சாம்பார் சாதத்து வாசனை. எனக்குப் பசி கண்ணை அடைத்தது. சர்ச்சுக்குப் போகிறவன் இங்கே இலையில் கைவைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், இரண்டாவது நிமிஷம் வரிசையில் நின்றுவிட்டேன். இரண்டு தொன்னை வாங்கி வந்து பார்த்தால் கன்னியம்மா மூங்கில் கட்டிய ஸ்டாண்டுக்குள் போய்விட்டிருந்தாள்.

ஆயிரத்துக்கு மேலேயே இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு சக்கரங்களைப் பார்த்தபடி வரிசை வரிசையாக நடந்தாள். ஸ்டாண்டுக்காரன் ஒருவன் கத்தினான்.

"யம்மா, இன்னா நோட்டம் வுட்டுகினு கீற? உன் டோக்கனக் காட்டு."

"என் வண்டி இல்ல நைனா. எங்க வண்டி ஒண்ணு வழி தப்பி வந்துட்சு."

"வண்டி இன்னா ஆடா, மாடா, வழி தப்பறதுக்கு? வெளிய வா."

நான் தொன்னையோடு ஓடி நடுவில் நின்று, ஆபீசர் தோரணையில் நாலு வார்த்தை சொன்னேன். அவன் என்னை மதிக்கவில்லை. அவள், "நானும் ஸ்டாண்டுக்காரிதான், தாம்பரம் ஸ்டேசன்" என்றதும் கொஞ்சம் இறங்கினான். "எத்தினி வண்டி?" என்று கேட்டான். "அறுநூறு" என்றாள். அதற்கப்புறம் "யக்கா" ஆகிவிட்டாள்.

முக்கால் மணி நேரம் தேடியிருப்பாள். ஒன்பதாவது வரிசையில் சட்டென்று நின்றாள். யாரோ அச்சிலிருந்து மஞ்சள் நூலைப் பிய்த்திருந்தார்கள், அல்லது சேற்றில் போய்விட்டது. எனக்கு அது மற்ற ஆயிரத்தைப் போலத்தான் இருந்தது. அவள் பின் சக்கரத்தைத் தொட்டு, "ஒரு கம்பி மட்டும் புதுசு, பாரு சார். பங்குனில மாத்துனாரு" என்றாள். அப்புறம்தான் தொன்னையைக் கையில் வாங்கினாள். அந்தச் சாம்பார் சாதத்தை அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தபோது, முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது.

மூன்று மணிக்கு ஒரு மொட்டைத் தலை, சந்தனத்தோடு வந்து அந்த வண்டியில் சாவியைப் போட்டது. பூட்டு திறந்தது.

"சார், இது உன் வண்டி இல்ல" என்றாள் கன்னியம்மா. "உன்னுது இதோ கீது. நேத்து ஸ்டாண்டுல மாத்தி எடுத்துகினு வந்துட்ட."

ஜெயகிருஷ்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் சாவியில தொறக்குது, என் வண்டி இல்லையா? யாரும்மா நீ?"

ஸ்டாண்டுக்காரன் பஞ்சாயத்துக்கு வந்தான். அந்தச் சாவியை இரண்டு வண்டியிலும் போட்டுப் பார்த்தான். இரண்டும் திறந்தன. கூட்டம் கூடிவிட்டது. கிருத்திகை அன்றைக்குக் கூட்டத்துக்கா பஞ்சம்? யாரோ என்னைப் பார்த்து, "பேண்ட் போட்டவன்தான் திருட்டு ஆளு" என்று சொன்னது காதில் விழுந்தது.

கன்னியம்மா கொஞ்சமும் பதறவில்லை. "உன் வண்டிக்கு முன் பிரேக்கு புடிக்காது. வலது கால தரைல தேச்சுத்தான் நிறுத்துவ. உன் வலது செருப்பு மட்டும் தேஞ்சிருக்கும். கொண்டாந்து காட்டு. தேயலேன்னா நான் போயிடறேன்."

செருப்பு கேரியரில்தான் பையில் இருந்தது. எடுத்தார். இடது செருப்பு புதிது போல இருந்தது. வலது செருப்பின் அடி, குதிகாலில் காகிதமாகத் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. கூட்டமே குனிந்து பார்த்தது.

ஜெயகிருஷ்ணன் மொட்டையைத் தடவிக்கொண்டார். "நேத்துல இருந்தே மிதிக்க லேசா இருந்திச்சு. பிரேக்கும் புடிச்சிச்சு. வேண்டிக்கினேன், முருகர் சரிபண்ணிக் குடுத்துட்டாருன்னு நெனச்சேன்."

சிரித்தவர்களில் முதல் ஆள் அவரே. மூன்று பேருக்கும் பானகம் வாங்கிக் கொடுத்து, தன் வண்டியை எடுத்துக்கொண்டு, "குப்பனை நான் விசாரிச்சதா சொல்லும்மா. மழையில அவன் மூஞ்சியக்கூட சரியாப் பாக்காம ஓடிட்டேன்" என்றார்.

மணி மூன்றே முக்கால். இரண்டு பேரும் மிதித்தால் ஆறு மணிக்கு முன்னால் தாம்பரம். அப்படித்தான் நினைத்தேன். சோமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் பின் சக்கரம் புஸ்ஸென்றது. தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடிக்க அரை மணி. கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்தடிக்கிற மவுத்தாண்ட கிழிஞ்சுகீது. ஒட்ட முடியாது, புது ட்யூபுதான். இங்க இல்ல" என்றார்.

"நீ போ கன்னியம்மா. நான் பஸ் பிடிச்சு வர்றேன்."

"பஸ்ஸு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? நீ வராம நான் மட்டும் போனா, எங்கியோ ஒளிச்சு வெச்சிருந்து கொண்டாந்தான்னு சொல்லுவாங்கோ. குந்து சார்."

"எங்கே?"

"கேரியர்லதான்."

நான் அப்போது அறுபத்தெட்டு கிலோ. "வேணும்னா நான் ஓட்டறேன், நீ உட்காரு" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் இடுப்பைப் பார்த்தாள். குந்தினேன். இரண்டு காலையும் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, சீட்டுக்குக் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு, சரோஜினி எப்படி உட்கார்ந்து வந்தாளோ அப்படியே உட்கார்ந்தேன்.

சொல்ல வெட்கமில்லை, அந்தப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. எதிர்க்காற்று அவள் மேல் அடித்தது. எண்ணெய் போட்ட செயின் சத்தமே போடவில்லை. யக்ஞநாராயணன் எப்படிப்பட்ட ஆளாக இருந்தாலும் வண்டியை வைத்திருந்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தாள். "இறங்கிக்கட்டுமா?" என்றால், "இறங்கி ஏற லேட்டாவும், சும்மா இரு சார்" என்றாள். களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் ரோடு ஓரம் நின்று கைகொட்டினார்கள். ஒருத்தி, "பாத்துப் புடிச்சுக்கோ, வுழுந்துடப் போறே" என்று எனக்குத்தான் சொன்னாள்.

முடிச்சூர் ரோட்டு முனை திரும்பும்போது ஆறு இருபது ரயில் வந்துவிட்டிருந்தது. எங்கள் வரிசைக்காரர்கள் தங்கள் வண்டியைக் கையில் பிடித்தபடி ஸ்டாண்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்கள். வேடிக்கையை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யக்ஞநாராயணன் அவர் பக்கத்தில் நின்றார். முதல் நாள் மழையில் நாலு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனதில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குப்பன் வேலி ஓரம், காலையில் இருந்த இடத்திலேயே.

கன்னியம்மா சங்கிலி தாண்டி உள்ளே வந்து நிறுத்தினாள். நான் கேரியரிலிருந்து குதித்தேன். கால் மரத்துப்போய்த் தடுமாறி வாத்தியார் மேலேயே சாய்ந்தேன். முந்நூறு பேரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். அன்று நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி சரோஜினிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

யக்ஞநாராயணன் குனிந்து தன் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கைப்பிடியில் கைவைத்தார். கன்னியம்மா விடவில்லை. நடந்ததை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். கம்பத்தடி, சேறு, தூறல், சாவி, மொட்டை. "வெச்சத்த மறந்தது எம் புருசன் தப்பு. அத்த ஒத்துக்கறேன். மேடாப் பாத்து வையின்னு கேட்டது நீ சார். அத்தையும் ஒத்துக்கோ."

"சரிம்மா. வண்டிதான் கெடைச்சாச்சே. விடு."

"வண்டி கெடச்சுது சார். நேத்து இன்னொண்ணும் போச்சு இல்ல, அது இன்னும் கெடைக்கல."

அவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தொண்டையைச் செருமினார். "கன்னியம்மா, பெரியவர். போகட்டும். ஸ்டாண்டு உங்களுக்குத்தான், நான் சொல்லிட்டேன்."

"ஸ்டாண்ட நீங்க குடுக்கலாம் அய்யா. பேர இவருதான் குடுக்கணும்."

சொல்லிவிட்டுப் போய்ச் சங்கிலியை இழுத்துக் கொக்கியில் மாட்டினாள். "யாரும் வெளிய போவக் கூடாது. நேத்து காதால கேட்டவங்க அல்லாம் இன்னிக்கும் கேட்டுட்டுத்தான் போவணும்."

யக்ஞநாராயணன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். பின் வரிசையில் யாரோ மணி அடித்தார்கள். வீட்டுக்குப் போகிற அவசரம்தான் முதலில். அப்புறம் இன்னொருவர் அடித்தார். "சார், பால் வாங்கணும், சட்டுனு சொல்லிடுங்க" என்றது ஒரு குரல். அதற்கப்புறம் முந்நூறு மணியும் சேர்ந்துகொண்டன. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள். என் சைக்கிள் சோமங்கலத்தில் கிடந்தது. பக்கத்திலிருந்தவர் வண்டியில் கையை நீட்டி நானும் அடித்தேன். முதல் நாள் வாயைத் திறக்காமல் போனதற்கு விரல் வலிக்கிற வரை அடித்தேன்.

யக்ஞநாராயணன் கையைத் தூக்கினார். மணிகள் நின்றன.

"நேத்து நான் கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அது தப்பு."

"பின்னாடி கேக்கல சார்" என்றான் ஒருவன்.

அவர் தலையைக் குனிந்தார். பிறகு நேராகக் குப்பனிடமே நடந்து போனார். இந்த முறை முதல் நாளைவிடச் சத்தமாகச் சொன்னார். "குப்பன் திருடலை. குப்பன் திருடன் இல்லை. நான்தான் யோசிக்காம பேசினேன். மன்னிச்சுக்கோ குப்பா."

குப்பன் வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எல்லாரும் காத்திருந்தோம். காலை இழுத்துக்கொண்டு கன்னியம்மாவிடம் போய், அவள் கையிலிருந்து அந்தச் சைக்கிளை வாங்கினான். தோளில் கிடந்த துண்டால் சீட்டைத் துடைத்தான். யக்ஞநாராயணன் கையில் கொடுத்தான்.

"பாத்துப் போங்க சார். முனைல தண்ணி நிக்குது."

போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டான். ஒவ்வொருவராக வெளியே போனோம். ஒவ்வொருவரும் நின்று, "வர்றேன் குப்பா" என்றோம். அவன் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பேரைச் சொல்லி, "போய்ட்டு வாங்க" என்றான். முந்நூறு பேர் போய் முடிய விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. ஒரு முகத்தைக்கூட அவன் விடவில்லை.